எங்கே எடுத்த மணி? பழைய கண்ணாடிமணி சேகரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மணி சேகரிப்பாளர்களே,

சுற்றி வளைக்காமல் ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்கள் பெட்டிகளில் உள்ள கண்ணாடிமணிகளில் எத்தனை, எந்த ஊரில், யார் நிலத்தில், எந்த ஆண்டு கிடைத்தவை என்று உங்களால் சொல்ல முடியும்? வாங்கிய விலையைக் கேட்டால் உடனே சொல்வீர்கள். நிறம், பருமன், துளையின் அழகு எல்லாம் சொல்வீர்கள். ஊரைக் கேட்டால் மட்டும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: புதுச்சேரிக்கு அருகிலுள்ள "அரிக்கமேடு". கடலூர்ப் பக்கம் கிடைத்ததும் அரிக்கமேடு, நொய்யல் கரையில் கிடைத்ததும் அரிக்கமேடு, போன வருடம் உலையிலிருந்து இறங்கியதும் அரிக்கமேடு. அந்தப் பெயரைச் சொன்னால் விலை ஏறுகிறது. அதனால் விற்பவர் சொல்கிறார், வாங்கும் நீங்களும் அதையே திருப்பிச் சொல்கிறீர்கள்.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. உங்கள் கண்ணை மதிக்கிறவன் நான். ஒரு மணியை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே இருக்கும் குமிழ்கள் துளைக்கு இணையாக நீண்டு ஓடுகின்றனவா, துளையைச் சுற்றி வளைகின்றனவா என்று பார்த்து, இது குழலாக இழுத்து நறுக்கியது, இது கம்பியில் சுற்றியது என்று நொடியில் சொல்லிவிடும் ஆட்கள் உங்களில் இருக்கிறார்கள். தொல்லியல் படித்துப் பட்டம் வாங்கியவர்களிலும் இது எல்லோருக்கும் வராது. மணி ஆய்வே உங்களைப் போன்ற ஆர்வலர்களால் வளர்ந்த துறைதான். நம் கடற்கரையில் செய்த பொடி மணிகளுக்கு "இந்தோ-பசிபிக் மணி" என்று பெயரிட்ட பீட்டர் பிரான்சிஸ், மணிகளையே வாழ்க்கையாக்கிக்கொண்ட தனி ஆய்வாளர். அதற்கு முன் வான் டெர் ஸ்லேன் என்ற டச்சுக்காரர் அவற்றை "வணிகக் காற்று மணி" என்று அழைத்துவந்தார். கிழக்கு ஆப்பிரிக்கா முதல் கொரியா, ஜப்பான் வரை கிடைக்கும் இந்த மணிகளின் தொடக்க காலப் பட்டறைகளில் முக்கியமானது அரிக்கமேடு என்பதைப் பிரான்சிஸ் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். 2002இல் அவர் கானாவில் காலமானார். ஆசியாவின் கடல்வழி மணி வணிகம் பற்றிய அவருடைய பெரிய நூல் வந்ததும் அதே ஆண்டுதான்.

பிரான்சிஸால் அதைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், எந்த மணி எங்கே கிடந்தது என்ற குறிப்பு அவர் கையில் இருந்ததுதான். உங்கள் பெட்டியில் இல்லாதது அதுவே.

இதில் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அதைப் பலர் யோசிப்பதில்லை. நீங்கள் வாங்கிப் படிக்கும் மணிப் புத்தகங்கள் பெரும்பாலும் வெனிஸில், முரானோத் தீவில் தொடங்கும். அங்கே செய்த மணிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. நட்சத்திர அடுக்கு கொண்ட செவ்ரான் மணியை, அடுக்குகளை எண்ணியே முந்தியதா பிந்தியதா என்று ஓரளவு சொல்லலாம். பூப்பூவாகப் பதித்த மில்லெபியோரி மணி கானா நாட்டுச் சந்தையில் ஊர் பேர் தெரியாமல் கிடந்தாலும், அதன் வயதைத் தேடிப் பிடிக்க வழி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் மணி வணிகம் செய்த மோசஸ் லெவினின் மாதிரி அட்டைகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. சிக் நிறுவனத்தின் அட்டைகள் ஆம்ஸ்டர்டாமில் உள்ளன. மணியை அட்டையோடு வைத்துப் பார்க்கலாம்.

நம் மணிக்கு அப்படி அட்டை கிடையாது. ஒரே நிறம், பூ இல்லை, கோடு இல்லை, பெரும்பாலும் மிளகளவு கூட இல்லை. செங்கல் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு, அவ்வளவுதான். அது போதாதென்று, கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் செய்த அதே முறையில் திருப்பதி பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலத்திலும் செய்திருக்கிறார்கள். உருகிய கண்ணாடிப் பாளத்தை "லாடா" என்ற நீண்ட இரும்புக் குழாயின் முனையில் திரட்டிக் கூம்பாக உருட்டுவார்கள். உள்ளே ஒரு கம்பியைச் செலுத்தி அந்தக் கூம்பில் துளை விடுவார்கள். அதை உலைக்குள் நீட்ட, எதிர்ப்புறத்துத் துவாரத்தில் இருக்கும் ஆள் கொக்கியால் கண்ணாடியின் நுனியைப் பிடித்து இழுக்கத் தொடங்குவார். இழுக்க இழுக்க உள்ளே துளையோடு கூடிய மெல்லிய கண்ணாடிக் குழல் வந்துகொண்டே இருக்கும். மணிக்கணக்கில் நடக்கும் வேலை அது. அந்தக் குழலைக் குச்சி குச்சியாக ஒடித்து, பிறகு பொடிப்பொடியாக நறுக்கி, துளை அடைபடாமலிருக்கச் சாம்பலில் புரட்டி, மறுபடி சூடு காட்டினால் கூர் மழுங்கி மணி உருண்டுவிடும். சலித்துக் கோக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆக, 1ஆம் நூற்றாண்டு மணியையும் 20ஆம் நூற்றாண்டு மணியையும் ஒரு கிண்ணத்தில் கொட்டிக் கலந்துவிட்டால் வெறுங்கண்ணால் உறுதியாகப் பிரிக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. மேலே படிந்த மங்கல் தோல் வயதைக் காட்டும் என்று உங்களில் சிலர் வாதாடுவீர்கள். புதுமணியை அமிலத்தில் முக்கி, மண்ணில் புதைத்து எடுத்து, அந்தத் தோலை வரவழைத்து விற்கும் வித்தை உலகம் முழுக்க இருக்கிறது. வெனிஸ் மணி சேகரிப்பவர் ஊர்க்குறிப்பைத் தொலைத்தால் பாதி இழப்போடு தப்பிக்கலாம். நம் மணியைச் சேகரிப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஊர்க்குறிப்பு போனால் அவர் கையில் மிஞ்சுவது துளை போட்ட கண்ணாடித் துணுக்கு மட்டும்.

ஒரு விற்பனையாளரிடம் நான் பார்த்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். "சங்க கால மாலை" என்று பட்டுத்துணியில் கிடத்தி வைத்திருந்தார். சிவப்புப் பொடிமணிகள், நடுநடுவே சூதுபவளம், நுனியில் ஒரு பளிங்கு. கேட்டபோது ஒளிக்காமலே சொன்னார்: கண்ணாடி ஓர் ஊர், சூதுபவளம் வேறு ஊர், பளிங்கு எங்கிருந்து வந்தது என்று நினைவில்லை, கோத்தது அவர் வீட்டம்மா. வாங்குகிறவர்களுக்கு மாலையாக இருந்தால்தான் பிடிக்கிறதாம். அவரைக் கோபித்துப் பயனில்லை. மாலை கேட்டது நாம்தான்.

கிடந்த இடம் அப்படி என்ன சொல்லிவிடும் என்று கேட்பீர்கள். முதுமக்கள் தாழிக்குள் எலும்பின் கழுத்துப் பகுதியில் வரிசை கலையாமல் மணிகள் கிடந்தால், அந்த மனிதர் எப்படி அணிந்திருந்தார் என்பதே தெரிந்துவிடும். அள்ளிச் சட்டைப்பையில் போட்ட நொடியில் அது போய்விட்டது. குடியிருப்பு மேடு என்றால் மணியைவிட முக்கியம் மணி செய்த கழிவு. ஒடிந்த குழல் துண்டுகள், ஒன்றோடொன்று ஒட்டிப்போன இரட்டை மணிகள், துளை அடைபட்டவை, கண்ணாடிக் கசடு, உருகிய கட்டிகள். "இங்கே மணி வாங்கினார்கள்" என்பதற்கும் "இங்கே மணி செய்தார்கள்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் குப்பைதான் காட்டும். அரிக்கமேட்டைப் பட்டறை என்று சொல்ல வைத்ததும் இத்தகைய எச்சங்களே. நீங்களோ அழகான மணியைப் பொறுக்கிக்கொண்டு, குப்பை என்று இவற்றை அங்கேயே உதறிவிட்டு வருகிறீர்கள். அல்லது விற்பவர் உங்களிடம் கொண்டுவராமலே எறிந்துவிடுகிறார். இது எனக்கு உண்மையிலேயே வயிறு எரியும் விஷயம்.

இப்போது இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. லேசர் கொண்டு மணியின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு பொட்டைச் சுரண்டி, அதில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளக்கிறார்கள். சிகாகோவின் பீல்டு அருங்காட்சியகத்தில் லோர் டுசுபியூ பல்லாண்டுகளாகச் செய்துவரும் வேலை இது. தெற்காசியக் கண்ணாடியிலேயே யுரேனியம் குறைந்து பேரியம் மிகுந்த வகை ஒன்று. அது தென்னிந்தியாவோடும் இலங்கையோடும் சேர்ந்தது. அந்த வகைக் கண்ணாடியை உருக்கிய பழைய இடமாக இலங்கையின் கிரிபாவ அறியப்படுகிறது. யுரேனியம் மிகுந்த இன்னொரு வகை பிந்திய காலத்தது, மேற்குக் கரைச் சௌல் துறைமுகத்தோடு தொடர்புள்ளது. ஒரே சிவப்பு, ஒரே அளவு, கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள்; உள்ளே பார்த்தால் வேறு காலம், வேறு கரை. ஆனால் இந்த அளவெல்லாம் பேச வேண்டுமென்றால், இடம் தெரிந்த மணிகள் வேண்டும். இடம் தெரியாத மணியை எந்திரத்தில் வைத்தால் எண்கள் வரும், வரலாறு வராது.

இடத்தைத் தொலைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்தின் கிராபி மாகாணத்தைப் பாருங்கள். அங்கே குளோங் தோம் என்ற ஊரில் "குவான் லுக்பாட்" என்று ஒரு மேடு. மணிமேடு என்றுதான் பொருள். அரிக்கமேட்டு முறையில் மணி செய்தவர்கள் இலங்கையின் மாந்தைக்கும், இந்த மேட்டுக்கும், வியட்நாமின் ஒக் இயோவுக்கும் பரவினார்கள் என்பது பிரான்சிஸின் கருத்து. அதை உறுதி செய்யவோ மறுக்கவோ அந்த மேடு முழுதாக இருந்திருக்க வேண்டும். மணிக்கு விலை கிடைக்கிறது என்று தெரிந்ததும் மேட்டைக் குழி குழியாகத் தோண்டித் தீர்த்துவிட்டார்கள். உள்ளூர்ப் புத்த விகாரையில் ஓரளவு பொருள்களைச் சேர்த்து வைத்ததால் சில தப்பின. அப்படித் தப்பியவற்றில் ஒன்று ஒரு சிறிய கல். பொன் உரைத்துப் பார்க்கும் உரைகல். அதில் தமிழ் எழுத்தில் "பெரும்பதன் கல்" என்று பொறித்திருக்கிறது. நம் ஊர்த் தட்டார் ஒருவர் கடல் கடந்து போய்த் தொழில் செய்த இடம்! எழுத்தின் அமைப்பைக் கொண்டு 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். அந்தக் கல்லைச் சுற்றி அவருடைய பட்டறை இருந்ததா, பக்கத்து வீட்டில் மணி உலை எரிந்ததா, அவர்களும் தமிழ் பேசினார்களா என்பதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டிய மண், சேகரிப்பாளர்கள் கொடுத்த காசுக்காகப் புரட்டப்பட்டுவிட்டது. காசு கொடுத்தவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. மணியை நேசித்தவர்கள்தான்.

நம் அரிக்கமேடும் அந்த வழியில் பாதி தூரம் போய் வந்ததுதான். 1768-69 வாக்கில் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்தில் அந்த இடிபாடுகளைக் கண்டு எழுதினார். 1930களில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேல் அங்கே ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கிக் கொடுத்த பொருள்களைப் பார்த்துத்தான் இது சாதாரண மேடு அல்ல என்று கண்டுகொண்டார். பிள்ளைகள் பொறுக்கியதால் நமக்கு அரிக்கமேடு கிடைத்தது என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அவர் எங்கே என்று கேட்டார், போய்ப் பார்த்தார், எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது சுவர்கள் இருந்த இடத்தில் செங்கல் உருவியவர்கள் விட்டுப்போன பள்ளங்களே பல இருந்தன. பிறகு பிரெஞ்சு தொல்லியலாளர் கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தோண்டினார். இன்னொரு பக்கம் அரியாங்குப்பம் ஆறு கரையை அரித்துக்கொண்டே இருக்கிறது.

உங்கள் மறுமொழிகளும் எனக்குத் தெரியும். "நாங்கள் எடுக்காவிட்டால் மழையில் ஆற்றோடு போய்விடும்" என்பது முதலாவது. மேலே வந்து கிடக்கும் மணிக்கு அது உண்மைதான். அதன் அடுக்கு ஏற்கெனவே போய்விட்டது; ஆனால் ஊரும் நிலமும் போகவில்லை. ஆகவே எழுதி வையுங்கள் என்கிறேன். தரையில் கிடப்பதைக் குனிந்து பார்ப்பது வேறு, கடப்பாரையோடு போகிறவருக்கு முன்பணம் கொடுப்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோட்டை உங்கள் பணம்தான் அழிக்கிறது. ஊரக வேலைத்திட்டக் கூலியைவிட ஒரு கைப்பிடி மணிக்கு அதிகம் கிடைக்கும் என்றால் வறண்ட ஊரில் யார் தோண்ட மாட்டார்கள்? அந்த ஏழையைக் குறை சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

"அரசு மட்டும் என்ன கிழித்தது?" என்பது இரண்டாவது. இதில் உங்களோடு நான் கட்சி சேர்கிறேன். வீலர் தோண்டிய மறு ஆண்டே, 1946இல், அறிக்கை அச்சில் வந்துவிட்டது. ஆதிச்சநல்லூரில் 2004-05இல் தோண்டியதற்கு நாம் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தோம், நீதிமன்றம் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. வேலி இல்லாத மேடுகள், பூட்டிய அறைகளில் கிடக்கும் மூட்டைகள், ஒரு பானை ஓட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும் விவசாயியைத் திருடனைப் போல விசாரிக்கும் அலுவலகங்கள். எல்லாம் உண்மை. அதற்காக மேட்டை நாம் காலி செய்யலாம் என்று ஆகாது. அறிக்கை தாமதமானால் கேட்டு வாங்கலாம், மண்ணைத் திரும்ப அடுக்க முடியாது.

மூன்றாவது, "என் காசு, என் பொருள்". சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பதை நினைவூட்டுகிறேன், மிரட்ட அல்ல. மண்ணில் மறைந்து கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, உரிமம் இல்லாமல் வணிகம் செய்யக் கூடாது என்கிறது 1972ஆம் ஆண்டுச் சட்டம். கூரியரில் நாலு சரம் சிங்கப்பூர் நண்பருக்கு அனுப்பியதை எத்தனை பேர் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்!

வேறு மாதிரியும் நடக்கும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் மாபுங்குப்வே குன்று சாட்சி. 1932-33 புத்தாண்டு வாக்கில் அந்தக் குன்றில் புதையல் தேடி ஏறிய சிலருக்குத் தங்கமும் மணிகளும் கிடைத்தன. பங்கு போட்டுக்கொண்டு போயிருக்கலாம். அவர்களில் ஒருவர் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். மனசு கேட்காமல் தன் பேராசிரியருக்குத் தகவல் சொன்னார். பிறகு அங்கே முறையான ஆய்வு நடந்தது. அந்த நிலப்பரப்பின் கண்ணாடி மணிகளில் ஒரு பகுதி தெற்காசியக் கண்ணாடியில் செய்தவை என்று இன்று சொல்ல முடிகிறது. லிம்போபோ ஆற்றங்கரையில் ஓர் ஆப்பிரிக்க அரசு கடல் வழியே இந்தியாவோடு கொண்ட உறவு, ஒருவர் வாய் திறந்ததால் தெரியவந்தது. புதையல் தேடிப் போனவர்தான் அவரும், நினைவிருக்கட்டும்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. தோண்டி எடுத்த மணியை இனி வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக வந்தாலும் சரி, "நீங்கள் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்குவார்" என்று சொன்னாலும் சரி. சேகரிக்கும் ஆசை அடங்காதென்றால் செக் நாட்டு மணிகள் இருக்கின்றன, பாப்பாநாயுடுபேட்டை மணிகள் இருக்கின்றன. வாழும் தொழிலாளியின் மணியை, அவர் பெயரோடும் தேதியோடும் வாங்கி வைத்தால், அது நாளைக்கு நல்ல சான்று. கொடுமணல், பொருந்தல், காரைக்காடு போன்ற ஊர்ப்பக்கங்களில் புதிதாக மேடு கிளறியதைக் கண்டால் நண்பர்களுக்குப் படம் அனுப்புவதற்கு முன் தொல்லியல் துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள், நகலை உள்ளூர்க் கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கும் கொடுங்கள்.

ஏற்கெனவே கையில் இருப்பவற்றை என்ன செய்வது? ஆய்வு செய்ய வருகிறவர்களுக்குப் பெட்டியைத் திறந்து காட்டுங்கள். கோத்திருந்தால் மேலும் பிரித்துக் கோக்காதீர்கள். ஊர் வேறானவற்றை ஒரே டப்பாவில் போடாதீர்கள். கழுவ அமிலம், சோப்பு எதுவும் வேண்டாம். ஒட்டியிருக்கும் மண்ணும் சான்றுதான். முதுமை நெருங்கும் நண்பர்கள், பேரப்பிள்ளைகள் எடைக்குப் போடும் முன்பே, அரசு அருங்காட்சியகத்துக்கு எழுதிப் பேசி, ஒப்புகைச் சீட்டோடு ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

இவ்வளவும் ஒரே நாளில் ஆகாது என்றால், இந்த வாரம் ஒன்று மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு தாள் வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரையும். எந்த ஊர், எந்த நிலம், மேலே கிடந்ததா தோண்டியதா, எந்த ஆண்டு, நீங்கள் எடுத்ததா வாங்கியதா, விற்றவர் என்ன சொன்னார் என்பதை எழுதுங்கள். விற்றவர் சொன்னதை "விற்றவர் சொன்னது" என்றே குறியுங்கள். தெரியாத இடத்தில் "தெரியாது" என்று எழுதுங்கள். அங்கே அரிக்கமேடு என்று போடாதீர்கள்.

அன்புடன்,
உங்களில் பலரை அறிந்த ஒருவன்